தேனீ பறித்த நாற்காலி

அயர்லாந்து ராஜா ஒருவருக்காகக் கழுகுமலை பஸ்ஸை இரண்டு முறை தவறவிட்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் தெரு பழைய பேப்பர்க்கடை அண்ணாச்சி ஒருவர்தான். தங்கச்சி மகன் கல்யாணத்துக்குக் கிளம்பியவர், வழியில் என்னிடம் ராஜா கதையை ஆரம்பித்துவிட்டார். தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்.

எடைக்கு வந்த, அட்டை கிழிந்த புத்தகத்தில் கிடைத்த ராஜா அவர். ஆயிரத்து முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தி ஆண்டவர். தேனீ கொட்டி ஒரு கண் போக, குறையுள்ளவன் ஆளக்கூடாதென்று இறக்கிவிட்டார்களாம். நான் நம்பாமல் செல்போனில் தேடினேன். நிஜம்தான்.

"அங்கன ராஜா பொய்த் தீர்ப்பு சொன்னா மழை பெய்யாது, தெரியும்லா?" என்பார் அண்ணாச்சி.

எங்கள் தெரு நலச்சங்கத் தலைவர் அவர். குழாயடிச் சண்டை ஒன்றுக்கு மூன்று மணி நேரம் விசாரிப்பார். அவசரப்பட்டால் ஐப்பசி மழை போய்விடுமே என்ற பயம். நான் ஒன்பது வருஷமாகத் துணைத் தலைவர். அதாவது, நாற்காலி எடுத்துப் போடுகிறவன். ஒரு நாளாவது அதில் உட்கார ஆசை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

போன பங்குனியில் குழாய்க்கு மேலே வேப்பமரத்தில் தேனீ கூடு கட்டியது. தலைவர் தானே புகை போட ஏறினார். கண்ணிலேயே கொட்டியது. ஒரு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தால்தான் பார்வை உண்டா இல்லையா என்று தெரியும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அண்ணாச்சி ராஜினாமா கொடுத்தார்.

"கண்ணு தெரியலன்னா திரும்ப உக்கார மாட்டேன். நீ பாத்துக்கோ."

"அண்ணாச்சி, அது அயர்லாந்து. இது கோவில்பட்டி."

"மழை ரெண்டுக்கும் ஒண்ணுதாம்ல."

உட்கார்ந்தேன். மறுநாளே குழாயடிச் சண்டை வந்தது. இரண்டே நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னேன். இரண்டு கட்சியும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. "நான் தலைவர் இல்ல, சும்மா கேக்கேன்" என்று அண்ணாச்சி, நர்ஸ் துரத்தும்வரை விசாரித்தாராம்.

பதவி போன பிறகு அந்த ராஜா என்ன ஆனார் என்றும் தேடிப் பார்த்தேன். சண்டைக்குப் போய்ச் செத்துப்போனார் என்றிருந்தது. அண்ணாச்சியிடம் சொல்ல மனசு வரவில்லை.

கட்டுப் பிரிக்கிற அன்று கூடவே நின்றேன். நல்ல கண்ணை மூடச் சொல்லி, டாக்டர் விரல்களைக் காட்டினார். அண்ணாச்சி கழுத்தை நீட்டிக் கண்ணைச் சுருக்கினார். சொல்லுங்க அண்ணாச்சி, அந்தப் பாழாய்ப்போன நாற்காலி எனக்கு வேண்டாம் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"மூணு விரலு. டாக்டர், நகம் வெட்டலியே நீங்க?" என்றார்.

டாக்டர் சிரித்தார். நான்தான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.