அருள் ஓலையும் நனைந்த சப்பாத்தும்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் உள்ள தமிழ்க் கடை வாசலைப் பார்த்தால், உள்ளே தங்கத்தை அள்ளிச் சும்மா கொடுக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். மூக்கு விறைத்துப் போகிற குளிரிலும் சனம் வரிசையில் நிற்கும். கொடுப்பது தங்கமல்ல, ‘மங்கலமனை’ மாத இதழ். ஒரு கோப்பியை விட மலிவு. அந்த விலைக்குள் கோழிப் புரியாணி, தொடர்கதை, மூட்டுவலிக்கு எண்ணெய், மாப்பிள்ளை தேவை எல்லாம் அடக்கம். போதாக்குறைக்குக் கடவுளின் பதிலும் உண்டு.

பதிலை வாங்கித் தருகிறவர் ஓலைச்சித்தர். இதழின் ஆசிரியரும் அவரே, முதலாளியும் அவரே. முந்தி பக்கத்து ஊரான லொங்குய்யில் பழைய கார் விற்றபோது அவருடைய பெயர் நகுலேஸ்வரன். தன் கைபட்ட காரெல்லாம் ஓடும் என்று அப்போதும் சத்தியம் பண்ணித்தான் விற்றார். வாங்கியவர்கள் பஸ்ஸில் போனார்கள்.

சிவநேசம் எப்போதும் இரண்டு பிரதி வாங்குவாள். ஒன்று வாசிக்க, மற்றது பத்திரமாக வைக்க. கணவன் இரவிச்சந்திரன் வேலைக்கும் மகள் நிருஷா பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டால், நாள் முழுக்க அவளோடு தமிழ் கதைப்பது அந்த இதழ் ஒன்றுதான். பாவம், தனிமை பொல்லாதது. இதழ் உப்பைக் குறை என்றால் குறைத்தாள். கட்டிலைத் திருப்பிப் போடு என்றால் போட்டாள். இரவிச்சந்திரன் இப்போது கதவுப் பக்கம் தலைவைத்துக் குளிரில் நடுங்குகிறார்.

“விக்ரோறியா மகாராணி காலத்து லண்டனிலையும் இப்பிடித்தானம்மா,” என்றாள் நிருஷா. “நாங்கள் வகுப்பிலை படிச்சனாங்கள். வீட்டுக்கு வீடு மலிவு விலைப் புத்தகம். கதை, சமையல், தையல். கடைசிப் பக்கத்திலை எல்லா நோய் வருத்தத்துக்கும் ஒரே குளிசை மருந்து.”

“மகாராணி நெடுங்காலம் இருந்தவதானே? குளிசை வேலை செய்திருக்கு,” என்றாள் சிவநேசம்.

இந்தப் புத்தகத்தின் குளிசைக்கு ‘அருள் ஓலை’ என்று பெயர். நடுப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பளபளப்பான வெள்ளைத் துண்டு. அதில் கேள்வியை எழுதிக் கற்பூரச் சூட்டில் காட்டினால் பதில் தோன்றும். ஒரேயொரு கட்டுப்பாடு: பதிலை வேறு யாருக்கும் காட்டக்கூடாது, காட்டினால் குடும்பம் கலங்கும். கட்டுப்பாடு தேவையே இல்லை. நம்முடைய சனம் வீட்டுக் குறையை வெளியில் சொல்லுமா? கூரை பற்றி எரிந்தாலும் ‘பார்பிக்யூ போடுறம்’ என்று சொல்லிக் கதவைச் சாத்தும்.

சிவநேசத்தின் கேள்வி, நிருஷா தான் விரும்பிய டனிஸ்ரனைக் கலியாணம் கட்டலாமா என்பது. டனிஸ்ரன் நல்ல பெடியன்தான், ஆனால் அவர்கள் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிற கிறிஸ்தவர்கள். அவனுடைய தாய் இமெல்டாவும் அரை மனதோடுதான் தலையாட்டியிருந்தாள். சிவநேசம் கற்பூரத்தைக் கொளுத்தினாள். உடனே புகை அலாரம் அலறியது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் விழிப்பாக இருந்தது அது ஒன்றுதான். ஓலையில் கன்னங்கரேலென்று எழுந்தது: ‘ஆகாது.’

“கலியாணப் பேச்சை நிப்பாட்டுங்கோ,” என்றாள் சிவநேசம்.

“ஒரு கடுதாசித் துண்டு சொன்னதுக்கோ?” என்றாள் நிருஷா.

“கடுதாசி இல்லைப் பிள்ளை, ஓலை.”

நிருஷா சண்டை பிடிக்கவில்லை. அறைக்குள் போய் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கினாள். “நாங்கள் கலியாணத்தைப் பதிவு செய்துபோட்டு எங்கடை பாட்டிலை தனிய இருக்கிறம். நீங்கள் வரத் தேவையில்லை,” என்றாள். இருக்கிறது ஒரே பிள்ளை. சிவநேசம் ஓடிப்போய் இதழைப் புரட்டினாள். நல்லவேளை, சித்தரிடம் அதற்கும் வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய பூசை மண்டபத்துக்குக் காணிக்கையோடு போனால் பரிகாரம் நடக்கும். அடுத்த மாத ஓலை நல்லது சொல்லும்.

சனிக்கிழமை இரவிச்சந்திரன் வாசலில் பனி அள்ளிவிட்டு வந்தார். கையில் அகப்பட்ட புத்தகத்தை நடுவில் விரித்து ஹீற்றருக்கு மேல் கவிழ்த்தார். காலில் இருந்து கழற்றிய நனைந்த சப்பாத்தை அதற்கு மேல் ஏற்றினார். அது சிவநேசம் பத்திரமாக வைத்திருந்த மற்றப் பிரதி.

“என்னப்பா செய்தனீங்கள்! ஓலைக்கு மேலை சப்பாத்தோ!”

சப்பாத்தைத் தட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்தவள் அப்படியே நின்றாள். கேள்வி எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. கீழே பதில் மட்டும் தெளிவாக இருந்தது: ‘ஆகாது.’

“நான் இதிலை ஒண்டும் கேக்கேல்லையே?”

“சப்பாத்து கேட்டிருக்கும், எப்ப காயுமெண்டு,” என்றார் இரவிச்சந்திரன். “சூட்டிலை கறுக்கிற மருந்தாலை முதலே எழுதி வைச்சிருக்கு. கடைப் பில்லையும் ஹீற்றரிலை வைச்சுப் பாரும், கறுக்கும். அதுக்கும் பரிகாரம் செய்வமோ?”

சிவநேசத்துக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லோர் முகத்திலும் கவலை, எல்லோர் கையிலும் பொத்திப் பிடித்த ஓலை. சித்தர் பட்டு உடுத்தி மேடையில் கண்மூடி இருந்தார். காணிக்கைத் தட்டு நெருங்கும்போது மட்டும் ஒரு கண் திறந்தது. சிவநேசம் எழுந்தாள்.

“எல்லாரும் ஒருக்கா உங்கடை ஓலையைத் தூக்கிக் காட்டுங்கோ பாப்பம்.”

“காட்டினால் குடும்பம் கலங்கும்!” என்று சித்தர் கத்தினார்.

சனம் குனிந்துகொண்டது. யாருக்கும் கை எழவில்லை. அப்போது கடைசி வரிசையில், முக்காட்டால் முகத்தை மறைத்திருந்த ஒருத்தி மெல்ல ஓலையை உயர்த்தினாள். இமெல்டா!

“நான் சமையல் குறிப்புக்குத்தான் வாங்கிறனான் அக்கா,” என்றாள் இமெல்டா. “உங்கடை பிள்ளையை மருமகளா எடுக்கலாமோ எண்டு கேட்டனான். எனக்கும் ஆகாதாம்.”

பக்கத்தில் ஒரு கை எழுந்தது. பிறகு பத்து, பிறகு மண்டபம் முழுக்க. வீடு வாங்கலாமா, ஆகாது. வேலை கிடைக்குமா, ஆகாது. இடுப்பு நோவு மாறுமா, ஆகாது. கடவுளுக்கு அந்த மாதம் ஒரே சொல்தான் அச்சாகியிருந்தது.

“அது கூட்டுத் தோஷம்,” என்றார் சித்தர்.

“அப்ப அடுத்த மாதத்தையும் பாப்பம்,” என்ற சிவநேசம், மேசையில் அச்சாகி வந்திருந்த அடுத்த மாத இதழ்களிலிருந்து கைக்கு வந்த ஓலைகளை உருவினாள். மண்டபத்தின் பின்னால் கொதித்துக்கொண்டிருந்த கோப்பி அண்டாவின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். யாரும் எதுவும் எழுதவில்லை. ‘ஆகும்.’ ‘ஆகும்.’ ‘ஆகும்.’

சித்தர் பின்கதவால் ஓடினார். அவர் கைபட்டதில் ஒழுங்காக ஓடியது அதுதான் முதல் தடவை. சனம் தட்டைச் சுற்றி நின்று தங்கள் காணிக்கையைத் திருப்பி எடுத்தது.

இரண்டு தாய்மாரும் கோப்பிக்குப் பக்கத்திலேயே நின்று கலியாண நாளைக் குறித்தார்கள். சிவநேசம் வீட்டுக்குப் போய், இன்னும் புறப்படாமல் இருந்த நிருஷாவின் பெட்டியைத் தன் கையாலேயே அவிழ்த்து, “அம்மா பிழை விட்டிட்டன்,” என்று சொல்லி அழுதாள்.

அடுத்த மாதம் அதே கடை வாசலில் வேறொரு புத்தகத்துக்கு வரிசை நிற்கிறதாம். இதில் பதில் தண்ணீரில் தோன்றுமாம். ஐயா, அம்மா, தாளுக்குக் காட்டிய சூட்டை ஒருதரம் உங்கள் மூளைக்கும் காட்டிப் பாருங்கள். அதிலும் ஏதாவது எழுதியிருக்கக் கூடும்.