அட்டிகையில் ஈயம்

'ஒரு சின்னத் திருத்தம்' என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு தனிப் பிறவி. பசி தாங்குவார்கள், வெயில் தாங்குவார்கள், மட்டாஞ்சேரிக் கொசுவைக்கூடத் தாங்குவார்கள். பக்கத்தில் ஒருத்தர் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாயா குடிப்பதை மட்டும் தாங்கமாட்டார்கள்.

கொச்சி ஜூ டவுன் மிளகுக் கிடங்கில் கணக்கெழுதும் வைத்தீஸ்வரனைப் பாருங்கள். எழுபத்தெட்டாம் வருஷம் எங்கிருந்தோ ஒரு விஞ்ஞானப் பத்திரிகை அவர் கையில் அகப்பட்டது. தங்கத்தின் வயதைத் தங்கத்திடம் கேட்டால் தெரியாதாம். சுரங்கக் கல்லில் அதோடு ஒட்டிக் கிடக்கும் ஈயத்தைக் கேட்க வேண்டுமாம். ஈயத்தில் கனம் கூடியது, குறைந்தது என்று ஐசோடோப்புகள் உண்டு, அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால் படிவு உண்டான காலமும் தங்கம் வந்த வழியும் தெரிந்துவிடுமாம். போச்சு! அன்று முதல் மிளகு வாங்க வந்தவனுக்கும் ஐசோடோப்பு, பள்ளுருத்தி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனுக்கும் ஐசோடோப்பு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு, "கோலார்த் தங்கம்னா இருநூற்றைம்பது கோடி வருஷமாக்கும்!" என்று ஆரம்பித்ததில் முகூர்த்தமே தவறப் பார்த்தது.

இவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மனைவி சீதாலக்ஷ்மி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்வாள்? மகள் ஸ்வர்ணலதாவுக்கு வந்த வரன்களெல்லாம் அப்பாவின் திருத்தத்தைக் கேட்டுவிட்டு வந்த வழியே போயிருந்தன.

"இன்னிக்கு வாயைத் திறந்து ஒண்ணும் மிண்டப்படாது, கேட்டேளா? இதுவும் போச்சுன்னா இவ ஆத்தோட நின்னுடுவா."

மனுஷர் மிண்டவில்லை. பஜ்ஜி வந்ததும் வாய்நிறைய அடைத்துக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்துப் பையனின் அம்மா கமலாக்ஷி கழுத்து அட்டிகையைத் தடவிக்கொண்டே, "திருப்பூணித்துறைக் கோவிலகத்து மகாராஜாகிட்டேர்ந்து எங்காத்துக்குக் கிடைச்சது. முந்நூறு வருஷத் தங்கமாக்கும்" என்றாள்.

முந்நூறா! வைத்தீஸ்வரனுக்குக் காது சிவந்தது. உள்கதவோரம் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பெற்ற பாசம் ஒரு பக்கம், முந்நூறு வருஷம் ஒரு பக்கம். எது ஜெயிக்கும்?

"ஒரு சின்னத் திருத்தம் மாமி. தங்கத்துக்கு வயசு சொல்ல முடியாது. உங்க அட்டிகையிலே ஈயம் இருந்தா, வேணும்னா..."

"என் அட்டிகையிலே ஈயமா!" கமலாக்ஷி எழுந்தே விட்டாள்.

சீதாலக்ஷ்மி தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்போதுதான், அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த பையன் வெங்கிடேஸ்வரன் தொண்டையைக் கனைத்தான்.

"செத்த இரும்மா. ஒரு சின்னத் திருத்தம் மாமா. நகையிலே ஈயம் இருந்தும் பிரயோஜனமில்லே. பல ஊர்த் தங்கத்தை உருக்கிக் கலந்தப்புறம் எந்தச் சுரங்கம்னு எப்படிச் சொல்றது? கல்லோட இருந்தாத்தான் கணக்கு."

வைத்தீஸ்வரனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இப்படியும் ஒரு மாப்பிள்ளையா! ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். பிள்ளையே அப்படிச் சொன்ன பிறகு கமலாக்ஷி என்ன செய்வாள்? உட்கார்ந்துவிட்டாள். வெற்றிலைத் தட்டை எடுக்கச் சீதாலக்ஷ்மி சந்தோஷமாக உள்ளே ஓடினாள்.

அங்கே ஸ்வர்ணலதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, எனக்கு இந்தப் பையன் வேண்டாம். ஜன்மத்துக்கு ஒருத்தர் போறும்."

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் நான் ஈயத்தைப் பற்றிச் சொன்னபோது, 'யுரேனியம் சிதைந்துதானே ஈயமாகிறது, அதை விட்டுவிட்டானே இந்த ஆள்!' என்று உங்கள் தொண்டை லேசாகக் கனைத்ததா இல்லையா? கனைத்திருந்தால், ஒன்று செய்யுங்கள். உங்கள் பெண்ணைப் பார்க்க வருகிற அன்று வெளியூர் போய்விடுங்கள்.