ஜில்லாவுக்கொரு வாய்

ராமசுப்ரமணியன் சொன்னதாக ஒரு பேச்சு உலவுகிறது. அவரும் நேரில் பார்த்ததில்லை. அவருடைய சம்பந்தி சொல்லிக் கேட்டது. தில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போன சந்திரமௌலி, வாசலில் நின்ற பாலக்காட்டு மாப்பிள்ளையிடம் பாலக்காட்டுத் தமிழில் துக்கம் விசாரித்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த மதுரை மைத்துனரிடம் மதுரைத் தமிழில் உதட்டைப் பிதுக்கி, உள்ளே போய், திருநெல்வேலியிலிருந்து விமானம் பிடித்து வந்து அழுதுகொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் அமர்ந்து, அந்த அழுகையைச் சற்று நேரம் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் அழுதிய. ஆனா கடைசியில லேசா மெட்ராஸ் அடிக்கி. நம்மூர்ல அந்த எடத்துல இம்புட்டு இழுக்க மாட்டாகள்லா?" என்று திருத்தினாராம்.

பொய்யாக இருக்கலாம். ஆனால் சந்திரமௌலியைத் தெரிந்தவர்கள் யாரும் பொய் என்று சொல்லவில்லை. "அப்புறம் அந்தம்மா திருத்திக்கிட்டாங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

தில்லியில் மட்டுமே விளையும் ஒரு ரகம் இது. மற்ற ஊர்களில் குணச்சித்திர நடிகர் இருப்பார், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் இருப்பார். இங்கே இரண்டும் ஒரே ஆள். நொய்டாவில் செட் போட்டு மதுரை என்று எழுதி எடுக்கும் இந்தித் தொடர்களில் ரௌடியாக வரும் லாஜ்பத் நகர்ப் பையனுக்கு மதுரைத் தமிழ் சொல்லிக் கொடுப்பவரும் அவரே; அந்த ரௌடியிடம் இரண்டாம் காட்சியில் குத்துப்பட்டுச் சாகும் காபிக் கடைக்காரரும் அவரே. தான் சொல்லிக் கொடுத்த வசவைத் தானே வாங்கிக்கொண்டு சாகும் பாக்கியம் எத்தனை ஆசிரியர்களுக்குக் கிடைக்கும்?

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். மலை மந்திர் முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் நில்லுங்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "சாருக்குப் பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேட்கும். அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். ஈரோடு என்றீர்களோ, அடுத்த மூச்சில் "அப்படீங்களா! சொல்லவே இல்லீங்களே! ஊர்ல மழை தண்ணி எப்படீங்க?" என்று தொடங்கிவிடும். நீங்கள் ஈரோட்டை விட்டு வந்து முப்பது வருஷமாகி, கரோல் பாக் இந்தியில் கனவு காண்கிறவராக இருக்கலாம். அதனால் என்ன? உங்களைவிட உங்கள் ஊர்க்காரராக அவர் நிற்பார். அசல் ஈரோட்டுக்காரர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

சந்திரமௌலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்பா சேலம், அம்மா நாகர்கோவில். இருவரும் ஒரே அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் ஆளுக்கொரு ஜில்லாவை விட்டுக்கொடுக்கவில்லை. பையன் அப்பாவிடம் ஒரு தமிழும் அம்மாவிடம் ஒரு தமிழுமாக, நடுவில் துபாஷி வேலை பார்த்தான். மாடி வீட்டில் கும்பகோணம், எதிர்வீட்டில் காரைக்குடி. யார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தானோ அவர்கள் பேச்சில் ரசம் கேட்டான். இரண்டாவது தடவையும் ஊற்றினார்கள். அங்கே பிடித்த பழக்கம்தான்.

பிறகு மத்திய அரசு மந்திராலயம் ஒன்றில் குமாஸ்தா வேலை, மாலையில் நாடகம், விருப்ப ஓய்வு, டிவி. படங்களின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் "மதராசி அங்கிள்" என்றும், "சவுத் இண்டியன் டாக்டர்" என்றும், ஒரு தடவை வெறுமனே "இட்லிவாலா" என்றும் இடம்பெற்றிருக்கிறார். பாத்திரத்துக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஒரு இயக்குநர், "சார், தோடா ஔர் சவுத் இண்டியன் கரோ" என்று இன்னும் கொஞ்சம் தென்னிந்தியத்தனம் கேட்டபோது, அவர் மிகுந்த பொறுப்போடு, "எந்த ஜில்லா?" என்று கேட்டார். இயக்குநர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் மேலே பார்த்தார். கடைசியில் சந்திரமௌலி எந்த ஜில்லாவிலும் யாரும் சொல்லாத ஒரு "ஐயையையோ" சொன்னார். செட் முழுக்கக் கை தட்டியது.

சோறு போட்டது அந்த ஐயையையோதான். மானத்தைக் காப்பாற்றியது பயிற்சி வகுப்பு. மயூர் விஹார் வீட்டின் கூடத்தில் பஞ்சாபி நடிகர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். "தஞ்சாவூர்னா அவசரம் கூடாது பேட்டா. வாயில வெத்தலை இருக்கற மாதிரி நினைச்சுக்கோ. துப்பவும் மனசில்லை, முழுங்கவும் மனசில்லை. ஆங், அதான்!" பேட்டா வாயைக் குதப்பியபடி "வாங்கோ" என்பான். சமையலறையிலிருந்து மனைவி சுந்தரவல்லியின் குரல் வரும்: "அந்தப் பையனுக்குப் பல் வலியா?"

பேச்சுச் சேகரிப்பில் அவர் இரக்கம் பார்த்ததில்லை. ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியை இடித்தபோது, அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்துவந்த விழுப்புரத்துப் பாப்பம்மாள் ஊர்க்கோடி நரேலாவுக்குப் போய்விட்டாள். பழம், ரொட்டியோடு சந்திரமௌலி துக்கம் கேட்கப் போனார். பாப்பம்மாள் வீடு போன கதையைச் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடி, உதட்டை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். விழுப்புரம் பக்கத்துப் பெண்ணாக நடிக்க ஒரு மாணவி அந்த வாரம்தான் சேர்ந்திருந்தாள்.

பாப்பம்மாள் பேச்சை நிறுத்தினாள்.

"இன்னா சார், நீ ஆறுதல் சொல்ல வந்தியா, பாடம் பண்ண வந்தியா?"

"ரெண்டுந்தாம்மா," என்றார் அவர். அதுவும் விழுப்புரத்தில்.

இப்படி எல்லாருடைய வாயையும் எடுத்து ஆண்டுகொண்டிருந்தவருக்கு, அறுபத்திரண்டாவது வயதில் அந்த வாய்ப்பு வந்தது. ஷ்வேதா என்று ஒரு இளம் இயக்குநர். தில்லி மோதி பாக்கில் வளர்ந்த தமிழ்ப் பெண். தில்லியிலேயே பிறந்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்ற ஒரு தமிழ்க் குமாஸ்தாவைப் பற்றி முழுநீளப் படம். குமாஸ்தாதான் கதாநாயகர். அவருக்குப் பெயர் உண்டு. எல்லாக் காட்சியிலும் வருகிறார். கடைசிவரை சாவதில்லை.

"பூர்வீகம்?" என்று கேட்டார் சந்திரமௌலி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு.

"பூர்வீகமெல்லாம் வேணாம் அங்கிள். உங்களை மாதிரிதான். நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. வெள்ளிக்கிழமை டெஸ்ட்."

இதைவிட எளிய வேலை உலகத்தில் உண்டா? சந்திரமௌலி நேரே வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார்:

"வல்லி, நான் வீட்ல எப்படிப் பேசுவேன்?"

சுந்தரவல்லி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க எங்க பேசறீங்க? ரிகர்சல்தானே பண்றீங்க."

"விளையாடாதே. இது என் வாழ்க்கைப் பிரச்சினை."

"நானும் வாழ்க்கையைத்தான் சொல்றேன். பொண்ணு பார்க்க வந்தப்போ எங்கப்பாவைவிட நல்லா திருச்சி பேசினீங்க. அசல் நம்மூர்ப் பையன்னு அவர் அன்னைக்கே தட்டு மாத்திட்டார். கல்யாணம் ஆகி வந்தா, கீழ்வீட்டு மாமிகிட்ட கும்பகோணம், காய்கறிக்காரன் பொண்டாட்டிகிட்ட பீஹார். நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு எனக்கே தெரியாது."

"ஒரு தடவைகூட நான் நானா பேசினதில்லையா?"

அவள் யோசித்தாள். "போன மாசம் கட்டில் கால்ல விரலை இடிச்சுக்கிட்டீங்களே, அப்போ. 'அரே யார், இதை யாரு இங்க வெச்சது, ஜல்தி ஐஸ் கொண்டா'ன்னு கத்தினீங்க. நல்லா இருந்துது. யாரோ வீட்ல இருக்காங்கன்னு தோணிச்சு."

வேறொருவராக இருந்தால் இத்துடன் புரிந்துகொண்டு படுத்துத் தூங்கியிருப்பார். நம்மவர் பயிற்சியாளர் ஆயிற்றே. தில்லித் தமிழும் ஒரு ஜில்லாத் தமிழ்தான், கற்றுக்கொண்டால் போயிற்று என்று கிளம்பினார். கட்டில் காலில் இரண்டு முறை வேண்டுமென்றே இடித்துக்கொண்டார். இரண்டு முறையும் சேலத்தில் வலித்தது. போனை ரெக்கார்டிங்கில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு அதைப் பார்க்காதவர்போல உலாவினார். திரும்பப் போட்டுக் கேட்டால், வானொலிச் செய்தி வாசிப்பவர் ஒருவர் மனைவியிடம் மோர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தில்லித் தமிழுக்கு உயிருள்ள உதாரணம் வீட்டிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. மகள் ஜ்யோத்ஸ்னா குருகிராமில் வேலை. தமிழ் எழுதப் படிக்க வராது, பேச்சு அரைகுறை. அவள் பின்னால் இரண்டு நாள் அலைந்தார்.

"பப்பா, ஏன் என்னையே பார்த்துட்டே இருக்கே? க்யா ஹுவா?"

"க்யா ஹுவா," என்று அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நொய்டா ஸ்டூடியோவில், காலர் மைக் மாட்டிக்கொண்டு விளக்கின் முன் உட்கார்ந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், சும்மா சொல்லுங்கள் என்றாள் ஷ்வேதா.

"ஆக்சுவலி நான் பிரேக்ஃபாஸ்ட் ஸ்கிப் பண்ணிட்டேன், யூ நோ, ஏக் சாய் மட்டும் குடிச்சேன்" என்றார் சந்திரமௌலி, நெற்றியில் விழாத முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே.

ஷ்வேதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அங்கிள், இது யாரு?"

"நான்தான்."

"இல்ல அங்கிள். இது என் ஃப்ரெண்ட் மாதிரி இருக்கு. இன்னொரு தடவை பண்ணலாமா?"

இன்னொரு தடவையில் நெல்லை வந்தது. அடுத்ததில் கோவை. மூன்றாவதில் அவருடைய காலஞ்சென்ற அப்பாவே நேரில் வந்து, இட்லி கல் மாதிரி இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். விளக்கை அணைத்தார்கள். கேமராக்காரன் டீ குடிக்கப் போனான். "தேங்க்ஸ் அங்கிள், சொல்றேன்" என்றாள் ஷ்வேதா. அந்தச் "சொல்றேன்" எந்த ஜில்லாவிலும் ஒரே அர்த்தம்தான்.

அவர் வெளி வராந்தாவுக்கு வந்து பையைத் துழாவினார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார்.

"வல்லி, அரே, மெட்ரோ கார்டை உன் பர்ஸ்லயே விட்டுட்டேன் போல. இல்ல பாபா, கோபமெல்லாம் இல்ல. வேலை ஆகல. அச்சா, ராத்திரிக்குத் தால் மட்டும் போதும். ஒண்ணுமில்ல, சும்மா... மனசு சரியில்ல. நீ பேசிட்டிரு."

கழுத்து மைக்கைக் கழற்ற எல்லாரும் மறந்திருந்தார்கள். உள்ளே ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஷ்வேதா, நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள்.

"அங்கிள்! இதுதான்! இவர்தான்! இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன். ப்ளீஸ், அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க."

சந்திரமௌலிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொண்டையைச் செருமினார். அங்கேதான் கெட்டது. "வல்லி, அரே" வரை சரியாகத்தான் இருந்தது. "மெட்ரோ கார்டை" என்ற இடத்தில் தஞ்சாவூர் எட்டிப் பார்த்தது. "மனசு சரியில்ல" என்று முடிக்கும்போது குரல் தழுதழுத்து, கை தானாக எழுந்து நெஞ்சைத் தொட்டது. தேர்ந்த நடிப்பு. ஷ்வேதாவின் கண்ணில் எரிந்த விளக்கு மெல்ல அணைவதை அவர் பார்த்தார். முப்பது வருஷ அனுபவம் அல்லவா, அதுமட்டும் அவருக்குத் தவறாது.

"சரி, ஒண்ணு பண்ணலாம்," என்றாள் அவள். "ரெண்டு நாள் கழிச்சு நான் போன் பண்றேன். எப்போன்னு சொல்ல மாட்டேன், எந்த நம்பர்லேருந்துன்னும் சொல்ல மாட்டேன். நீங்க பாட்டுக்கு எடுத்துப் பேசுங்க. அந்த ஆள் பேசினா ரோல் உங்களுக்கு. இல்லேன்னா, அங்கிள், வேற ஒருத்தர் இருக்கார்."

அந்த இரண்டு நாள் கழிந்து, இன்று ஞாயிறு. மேஜையில் போன் அடிக்கிறது. திரையில் பெயர் இல்லை, வெறும் எண்.

"எடுங்களேன்," என்கிறாள் சுந்தரவல்லி.

"யாருன்னு தெரியலையே."

"எடுத்தாத்தானே தெரியும்?"

"யாருன்னு தெரியாம எப்படி எடுக்கறது வல்லி? ஷ்வேதாவா இருந்தா ஒரு மாதிரி. பேங்க்குன்னா ஒரு மாதிரி. மாமான்னா..."

"கடவுளே, ஹலோன்னு சொல்லுங்க!"

"எந்த ஹலோ?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் போன் அடித்தால் முதலில் என்ன செய்கிறீர்கள்? பெயரைப் பார்க்கிறீர்கள். மேலதிகாரி என்றால் முதுகு நிமிர்கிறது, ஊர் அத்தை என்றால் வாய் அகலமாகிறது, வெளிநாட்டு மச்சான் என்றால் மூக்கு வழியாக ஒரு மூச்சு கூடுதலாக வருகிறது. நீங்கள் கூடத்தில் பேசுவதைச் சமையலறையிலிருந்து கேட்டே, எதிர்முனையில் யார் என்று உங்கள் வீட்டில் சொல்லிவிடுகிறார்களா, இல்லையா? அத்தனை பேருக்கும் அத்தனை வாய் வைத்திருக்கிறீர்களே, பெயரே இல்லாமல் ஒருவர் கூப்பிட்டால் அவருக்கென்று எதை எடுப்பீர்கள்?

அவர் விரல் பச்சைப் பொத்தானுக்கு மேல் நிற்கிறது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. சுந்தரவல்லி கரண்டியோடு வாசற்படியில் நிற்கிறாள்.

இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையதாகவும் இருக்கலாம்.