ஒன்பதாம் நாள் நின்ற மிஷின்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் சுகமென்று நம்புகிறேன்.

போன தடவை பார்த்தபோது, "இரும்பை உடைக்க அஞ்சு வருஷப் படிப்பா மாப்ளே? ஒரு சுத்தியல் போதாதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டீர்கள். அதற்குப் பதில் இதோ, கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள், அதாவது உங்கள் மருமகள், விரல் நீளக் கம்பியை மிஷினில் மாட்டி, இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருப்பாள். எத்தனையாவது லட்சத்தில் உடைகிறது என்பதுதான் ஆராய்ச்சி. மனுஷனைப் போல இரும்புக்கும் சோர்வு உண்டாம். நீங்கள் நாலாவது மாடிக்குப் போகிற லிஃப்டின் வடம் என்றைக்குச் சோரும் என்று இவளைப் போன்றவர்கள்தான் சொல்லவேண்டும், சுத்தியல் சொல்லாது. ஆய்வகத்தைக் காட்ட என்னையும் கூட்டிப்போனாள். என்னை உட்காரவைத்துவிட்டுப் பேராசிரியரைப் பார்க்கப் போனாள். முப்பது வருஷம் கரண்ட் ஆபீஸில் இருந்தவன் நான், ஆளில்லாத அறையில் மிஷின் ஓடினால் கை பரபரக்கும். ஆனாலும் எதையும் தொடவில்லை. அவள் வருவதற்குள் ஏதோ மின்தடை, மிஷின் நின்றுவிட்டது. ஒன்பது நாள் ஓட்டம் போச்சு. நடுவில் நின்ற கம்பி செல்லாதாம், புதுக் கம்பி மாட்டி முதலிலிருந்து ஓட்டவேண்டுமாம். மிஷினோ இன்னும் பன்னிரண்டு நாள்தான் இவளுக்கு, பிறகு அடுத்தவர் முறை. அவள் அழவில்லை, கத்தவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த கம்பியை மாட்டினாள் மச்சான்.

புதுக் கம்பி மாட்டிய பதினோராம் நாள் போன் வந்தது.

"அப்பா, உடைஞ்சிடுச்சுப்பா."

"போனாப் போகுதும்மா, வேற வாங்கிக்கலாம்," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. உடைந்தால்தான் பாஸாம், நமக்கு எங்கே தெரிகிறது. அப்புறம் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினாள். நேற்று நாலு பேராசிரியர்கள் இரண்டு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டும் அசரவில்லை. இனி அவள் டாக்டர். ஊசி போடமாட்டாள், ஆனால் உங்கள் முழங்காலைக் காட்டினால் இன்னும் எத்தனை படி தாங்கும் என்று சொல்லிவிடுவாள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். சுத்தியலுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
டாக்டரின் அப்பா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஆய்வேட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நன்றிப் பக்கத்தில் முதல் வரி: "ஒன்பதாம் நாள் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்தடை என்று சொன்ன என் அப்பாவுக்கு." ஆகையால் மேலே மின்தடை என்று வரும் இடத்தைத் தயவுசெய்து அடித்துவிடவும். நாலு பேராசிரியர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட புத்தகம் மச்சான், மறுக்க வழியில்லை.