ஒழுகியும் குறையாத ஆயில்

பெட்டிகளை ஏற்றி, "வர்றோம் மாமா" என்று சொல்லி முடித்து, மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தான். பெடல் சேற்றில் வைத்த கால்போலத் தரைவரை இறங்கியது.

குனிந்து பார்த்தால் முன்சக்கரத்தடியில் ஈரம். நேற்றுத்தான் பட்டறையில் பிரேக் வேலை முடிந்து வந்த வண்டி. பட்டறையைக் காட்டியவர் மாமனார்.

கேட்டைத் திறந்து பிடித்தபடி அவர் கேட்டார். "கிளம்பலையா?"

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. வந்த ஒரு வாரத்தில் அவர் அவனோடு பேசியதே அவ்வளவுதான். சாயங்காலமானால் செஸ் பலகையை விரிப்பார், அவனைத் தோற்கடிப்பார், "ம்" என்பார், படுக்கப் போய்விடுவார்.

"உங்கப்பாவுக்கு என்னைக் கண்டாலே ஆகல," என்று மனைவியிடம் கிசுகிசுத்தான். "திங்கக்கிழமை நான் ஆபீஸ்ல இருக்கணும். அதுக்குள்ள கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடுவாரு போல."

"அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தாங்க."

"பக்கத்து வீட்டு நாய்கிட்ட மட்டும் நல்லாத்தானே பேசுறாரு?"

மெக்கானிக் ஜலதோஷத்தோடு வந்து வண்டியடியில் படுத்தார். "வாஷர் சரியா உட்காரல சார். என் தப்புதான்." புதிதாக ஒன்று போட்டார். பெடல் கல் மாதிரி நின்றது.

மறுநாள் பெட்டி ஏற்றும்போது அதே இடத்தில் ஈரம்.

"கிளம்பலையா?" என்றார் மாமனார்.

மெக்கானிக் ஹோஸை மாற்றினார். வண்டிக்குள் இருந்த பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஒழுகுது சார். ஆனா அளவு குறையவே இல்ல."

"அது பிரேக் ஆயிலா, அட்சய பாத்திரமா?"

"மோந்து பார்த்தா ஏதாவது பிடிபடும். எனக்குத்தான் மூக்கே அடைச்சுக் கிடக்கே." தும்மினார்.

மூன்றாம் காலையும் ஈரம். மாப்பிள்ளைக்குப் பொறுமை போயிற்று. "ஒரு சொட்டு விடாம வடிச்சிடுங்க. எல்லாத்தையும் கழட்டிப் பாருங்க!"

நாலு சக்கரமும் கழன்றன. வண்டி செங்கல்மேல் குந்தியது. சாயங்காலம் செஸ்ஸிலும் அவன் தோற்றான். "ம்ம்," என்றார் மாமனார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

விடிந்தது. வண்டியில் சக்கரமில்லை, ஆயிலில்லை, குழாய்கூட இல்லை. அடியில் மட்டும் பளபளவென்று ஒரு குட்டை.

மெக்கானிக் தொப்பென்று படியில் உட்கார்ந்தார். "பட்டறையை மூடிட்டு வேற தொழில் பார்த்துக்கறேன் சார்."

மாப்பிள்ளை மேலதிகாரிக்குப் போன் போட்டான். "நாளைக்கு வர முடியாது சார். ஆயிலே இல்லாத வண்டி ஒழுகுது." மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

"கிளம்பலையா?" கேட்டோரம் அதே குரல்.

இனி அடக்க முடியவில்லை. "என்னை அனுப்ப அவ்ளோ அவசரமா மாமா?"

மாமனார் தரையைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து மாமியார் ஒரு காலி பாட்டிலைத் தலைகீழாய்ப் பிடித்தபடி வந்தார்.

"ஏங்க, மாப்பிள்ளையோட இன்னொரு ஆட்டம் ஆடணும்னா வாயைத் திறந்து கேளுங்க. இருக்கிற எண்ணெயையெல்லாம் தினம் அவர் வண்டிக்கடியில ஊத்திட்டா, நான் எதை வெச்சுத் தாளிக்கிறது?"