முழக்கம் இணக்கமான வரலாறு

தேர்தலில் தோற்ற பெரிய மனிதர்களில் ஒரு தனி இனம் உண்டு. இவரை வீட்டில் சும்மா உட்காரவைத்தால் கட்சிக்குத் தொல்லை, கட்சியில் உட்காரவைத்தால் நாட்டுக்கே தொல்லை என்று மேலிடம் யோசித்து, கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டி, பக்கத்து நாடுகளோடு ஒத்துழைக்க அனுப்பிவைக்கும். வட்டார ஒத்துழைப்புத் தூதர் என்பது பதவியின் பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொலைக்காட்சிச் செய்தியில், நீளமான மேஜையின் ஓரத்தில், சின்னக் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே இருக்கும் தண்ணீர் பாட்டிலில் என்ன அச்சடித்திருக்கிறது என்று கவனமாகப் படித்துக்கொண்டிருப்பாரே, அவரேதான்.

இந்த இனத்தில் ஒருவரை இருபது வருஷமாக நாடே முழக்கம் என்றுதான் அழைத்தது. அவருக்கு மைக்கே வேண்டாம் என்பார்கள். ஆனாலும் நாலு வைப்பார்கள். ஆற்றின் மேல்பக்கத்து நாட்டைத் திட்டுவதுதான் அவருடைய முழுநேரத் தொழில். "ஒரு சொட்டுத் தண்ணி விட்டுத் தரமாட்டேன்" என்று அவர் கையை ஓங்கினால் ஐந்து நிமிடம் கைதட்டல் அடங்காது. தண்ணீர் அந்த நாட்டிலிருந்துதானே இங்கே வருகிறது, விட்டுத்தர இவரிடம் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கைதட்டிக்கொண்டிருக்கும்போது எப்படித் தோன்றும்?

அப்பேர்ப்பட்டவர் ஒரு தேர்தலில், நேற்று வந்த பல் டாக்டரிடம் தோற்றுப்போனார். அடுத்த மாதமே தூதர் ஆனார்.

முதல் வாரம் திணறினார். "முடியாது" என்பதற்கு அந்த அலுவலகத்தில் "சாத்தியக்கூறுகளை ஆராய்வோம்" என்று பெயர். "போய்யா" என்று சொல்லத் தோன்றினால் "தங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்" என்று சொல்ல வேண்டும். ஆனால் மனிதர் சூட்டிகை. மூன்று மாதத்தில் அந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்துவிட்டார். ஆறாம் மாதம் வீட்டிலும் அதையே பேசத் தொடங்கினார்.

"குளியலறைக் குழாய் ஒழுகுதுங்க. ஆளைக் கூப்பிடுங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன்" என்றார் மனைவி.

"அதுல எனக்குக் கொள்கை அளவுல உடன்பாடுதான்."

"அப்பக் கூப்பிடுங்களேன்."

"முதல்ல எல்லாத் தரப்பையும் கேட்கணும்."

"வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. நான் ஒழுகுதுங்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறேன்" என்றார்.

அந்த அம்மாள் தானே குழாய்க்காரருக்குப் போன் செய்துவிட்டு, அன்றிலிருந்து அவரை இணக்கம் என்று கூப்பிட ஆரம்பித்தார். அலுவலகத்துக்கும் அந்தப் பெயர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வெள்ள அளவு பார்க்கும் பெண் பொறியாளர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். செருப்பில் காய்ந்த சேறு. கையில் ஒரு நோட்டு.

"சார், எனக்கு வேற எதுவும் வேண்டாம். மேல இருக்கற அணையில மதகை எப்பத் திறக்கப்போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா போதும். அவங்க தலைநகருக்கு எழுதி, அங்கேருந்து நம்ம தலைநகருக்கு வந்து, என் கைக்கு வரும்போது ஒம்பது நாள் ஆயிடுது. தண்ணி மூணு மணி நேரத்துல வந்துடுது."

"போன வருஷம் எப்படி இருந்துச்சு?"

"நாப்பது வீடு போச்சு. தண்ணி பகல்ல வந்ததால ஆளுங்க தப்பிச்சாங்க."

அவருக்கு உண்மையாகவே மனசு கலங்கிவிட்டது. அதனால் உடனே ஒரு குழு போட்டார்.

ஐந்து நாட்டுக் குழு. அந்த ஆற்றுக்கு இரண்டு நாட்டிலும் வேறு வேறு பெயர் என்பதால், தீர்மானத்தில் எந்தப் பெயரைப் போடுவது என்பதிலேயே மூன்று அமர்வு போயிற்று. நான்காம் அமர்வில் "சம்பந்தப்பட்ட நீரோட்டம்" என்று எழுதிக் கைகுலுக்கிக்கொண்டார்கள். "யாருக்குச் சம்பந்தப்பட்ட?" என்று மேல்பக்கத்து நாட்டுத் தூதர் கேட்டதில் ஐந்தும் ஆறும் கரைந்தன. மீசைக்காரர் என்று எல்லாரும் அழைத்த அந்தத் தூதரும் இவர் ஜாதகமேதான். இவர் இங்கே நின்று திட்டிய காலத்தில் அங்கே நின்று பதிலுக்குத் திட்டியவர். தோற்றதும் அதே வருஷம். இப்போது இருவரும் பார்த்தவுடன் கட்டிக்கொள்வார்கள், போட்டோக்காரர் போதும் என்று சொல்லும்வரை.

ஏழாவது அமர்வு நடந்த அன்று மூன்றாவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. "தகவல் பரிமாற்றம்" என்று எழுதுவதா, "தகவல் பகிர்வு" என்று எழுதுவதா என்று காரசாரமான விவாதம். பதினொரு மணிக்கு இவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தார்.

"சார், மேல பயங்கர மழை. இன்னிக்குத் திறப்பாங்கன்னுதான் நினைக்கிறேன். ஆனா போன மாசமும் இப்படி நினைச்சு ஜனங்களைக் கிளப்பினேன், தண்ணி வரலை. இந்தத் தடவை வெறும் சந்தேகத்துக்கு நகரமாட்டோங்கறாங்க. முந்நூறு குடும்பம் சார்."

"சாத்தியக்கூறுகளை..." என்று ஆரம்பித்தார். மறுமுனையில் தகரக் கூரைமேல் மழை விழும் சத்தமும், யாரோ ஆட்டை விரட்டும் குரலும் கேட்டன. "லைன்லயே இருங்கம்மா. இல்ல, வெச்சுடுங்க. நானே கூப்பிடறேன்."

மதியச் சாப்பாட்டுக்கு விட்டதும் தட்டோடு நேரே மீசைக்காரரிடம் போனார்.

"அண்ணே, மதகு எப்பத் திறக்கறீங்க?"

மீசைக்காரரின் கரண்டி பாதியில் நின்றது. "அதுக்குத்தானே குழு போட்டிருக்கோம்."

"குழு கிடக்கட்டும். கீழ முந்நூறு குடும்பம் இருக்கு."

"எனக்குக் குடுத்த காகிதத்துல இல்லாததை நான் சொல்ல முடியாது. சொன்னா நாளைக்கே என்னைத் திருப்பிக் கூப்பிட்டுடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

இவருக்குத் தெரியும். அதனால் பேசாமல் நின்றார். வாழ்நாளெல்லாம் கத்தியோ குழைந்தோ ஏதாவது பேசிக்கொண்டே இருந்தவர் வாயடைத்து நிற்பதைப் பார்க்க மீசைக்காரருக்கு என்னவோ செய்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"இன்னிக்கு என் பேத்திக்குப் பிறந்தநாள். மருமகன் அணையிலதான் வேலை பார்க்கறான். சாயங்காலம் வீட்டுக்கு வரமாட்டானாம். நாலு மணிக்கு எட்டு மதகுகிட்டயும் நிக்கணுமாம். பொண்ணு காலையிலேருந்து போன்ல ஒரே புலம்பல். இது எங்க குடும்ப விஷயம். மனசு கேக்காம உங்ககிட்டச் சொல்றேன்."

"குழந்தையை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க அண்ணே" என்ற இணக்கம், தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினார்.

"அம்மா, நாலு மணி. எட்டு மதகும்."

"சார், நான் சொன்னா நம்பமாட்டாங்க. ஒலிபெருக்கிகிட்டப் போனை வைக்கிறேன். நீங்களே சொல்லுங்க."

அவர் வேட்பாளராக எத்தனையோ தடவை பேசிய ஊர்கள் அவை. இரண்டு வருஷமாக முனகியே பழகிய தொண்டையிலிருந்து பழைய குரல் கிளம்பியது. "நான்தான் பேசறேன். எனக்கு ஓட்டுப் போடாதவங்களும் கேளுங்க. நாலு மணிக்குத் திறக்கறாங்க. கிழவங்களையும் பிள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போங்க. இப்பவே போங்க." வராந்தாவின் கண்ணாடிகள் அதிர்ந்தன. மற்ற நாலு நாட்டுத் தூதர்களும் கையில் தட்டோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஏழு மணிக்குத் தண்ணீர் வந்தது. வீடுகளில் ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் காலை மேல்பக்கத்து நாட்டிலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அணை ரகசியத்தை வெளியிட்டது யார் என்று கேட்டிருந்தார்கள். மீசைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இணக்கம் கதவைச் சாத்திக்கொண்டு பதில் எழுதினார். எந்தத் தகவலும் பரிமாறப்படவுமில்லை, பகிரப்படவுமில்லை. பெருமழைக் காலங்களில் தூதரின் இடது முழங்காலில் வலி வருவது வழக்கம். அன்றைய வலியின் கடுமையைக் கொண்டு நேரத்தை அவரே அனுமானித்துவிட்டார். அந்த அவசரபுத்திக்கு வருந்துகிறார். ஐந்து நாடுகளும் முழங்காலை ஏகமனதாக ஏற்றுக்கொண்டன. அவர் நாட்டு அரசு மட்டும், உடல்நலம் கருதி ஓய்வெடுக்கும்படி அவருக்குக் கடிதம் அனுப்பியது.

பதவி போய்விட்டது. குழு இருக்கிறது, பதினோராவது அமர்வு சிறப்பாக முடிந்தது என்று கேள்வி. மழைக்காலத்தில் மட்டும் மீசைக்காரர் இவருக்குப் போன் செய்து, மருமகன் இன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரமாட்டான் என்று அலுத்துக்கொள்கிறார். இவர் அதை அப்படியே பொறியாளர் அம்மாளிடம் சொல்லி அலுத்துக்கொள்கிறார். அந்த ஆற்றைப் பற்றி இரண்டு நாட்டுக்கும் இன்றுவரை இருக்கும் ஒரே உடன்படிக்கை இதுதான்.

சிரித்துவிட்டீர்கள், சரி. உங்கள் அண்ணனும் தம்பியும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவர் வீட்டிலும் காபி குடித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, நேரம் வரட்டும், பேசிக்கலாம்" என்று சொல்லிவருவது யார்? அலுவலகத்தில் ஒருவர் அவசரமென்று வந்து நின்றபோது, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று காகிதத்தை அடியில் செருகியது யார்? எனக்குப் பதில் வேண்டாம். அடுத்த முறை யாராவது உங்களிடம் நேராக ஒன்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்கிறீர்களா என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். வியாதி செருமலில்தான் ஆரம்பிக்கிறது.