யாரோடும் போட்டி இல்லாதவர்

போட்டி போடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஜெயித்தே தீருவேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு இறங்குகிறவர்கள் முதல் வகை. இவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. ஜெயித்தால் குதிப்பார்கள், தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், மறுநாள் சரியாகிவிடுவார்கள். இரண்டாவது வகை, “எனக்கு யாரோடயும் போட்டி இல்லீங்க, என் போட்டி என்னோடதான்” என்று புன்னகையோடு சொல்கிற வகை. இவர்களைக் கண்டால் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

இந்த வகை எல்லா இடத்திலும் இருந்தாலும், ஐம்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று ஓட ஆரம்பித்தவர்களிடம் கொத்துக் கொத்தாக விளைகிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது உங்களைப் பார்த்து இரக்கமாகச் சிரித்துவிட்டுப் படியேறுவார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நிற்பதை மட்டும் நீங்கள் பார்க்காதபடி பார்த்துக்கொள்வார். கல்யாணத்துக்கு வந்தாலும் ஓட்டக் காலணியோடுதான் வருவார். கேட்காதவர்களிடம் தன் நாடித்துடிப்பைச் சொல்வார், கேட்டவர்களிடம் முழங்காலைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர் ஓடுகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், காற்று எப்படி, பாதை எப்படி, குடும்பத்தில் எல்லோரும் சௌக்கியமா என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, “எவ்வளவு நேரத்துல முடிச்சீங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்பார். சும்மா தெரிந்துகொண்டதை அவர் சாகும்வரை மறக்கமாட்டார்.

நம்முடைய கண்ணாடிக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தெட்டு. கடைவீதித் திருப்பத்தில் சின்னக் கடை. உள்ளே ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகப் போகும் எழுத்துகள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் தப்பிக்க முடியாது. ஒரு கண்ணை மூடச் சொல்லி, கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, நேற்று மட்டும் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியதைச் சொல்ல ஆரம்பிப்பார். கண் சரியாகத் தெரியாதவர்கள்கூட எல்லாம் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனதுண்டு. யாராவது பாவப்பட்டு, அப்படியானால் பரிசெல்லாம் வாங்குவீர்களா என்று கேட்டுவிட்டால், அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அந்தப் புன்னகையைப் புன்னகைப்பார். யாரோடும் போட்டி இல்லையாம்.

யாரோடும் இல்லை. சம்பந்தியோடு மட்டும்தான்.

சம்பந்தி பல் டாக்டர். கண்ணாடிக் கடைக்காரரின் ஒரே மகளை அவருடைய ஒரே மகனுக்குக் கொடுத்திருக்கிறது. சம்பந்திகளுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை, தடிக்க விட்டால்தானே? ஒரு வாசலை இருவரும் சேர்ந்து கடக்க வேண்டுமென்றால் “நீங்க முதல்ல”, “ஐயோ, நீங்க முதல்ல” என்று நின்று, பின்னால் வருகிறவர்கள் வேறு வாசல் தேடிப் போகும்படி ஆகிவிடும். ஆனால் இந்த மரியாதையின் முடிவில் யார் முன்னால் போவார்? ஒவ்வொரு தடவையும் பல் டாக்டர்தான். காரில் முன் இருக்கை அவருக்கு. மகள் வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலி அவருக்கு. பெண்ணைக் கொடுத்த இடம் என்று கண்ணாடிக் கடைக்காரர் ஆறு வருடமாக விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, அவருக்கு அது முதுகுவலி மாதிரி பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. போன வருடம் பல் டாக்டர் ஒரு மாரத்தான் ஓடி முடித்தார். அந்த மெடல் மகள் வீட்டுக் கூடத்தில், சாய்வு நாற்காலிக்கு மேலே ஆணியடித்து மாட்டப்பட்டது. நான்கு வயதுப் பேத்தி அன்றிலிருந்து அவரை ‘மெடல் தாத்தா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். இவர்? ‘கண்ணாடித் தாத்தா’. குழந்தை சொல்வதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்களை ஒரு குழந்தை அப்படி இரண்டாவது தாத்தாவாக்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம். அந்த வாரமே அவர் காலணி வாங்கிவிட்டார். இந்த வருட மாரத்தானில் அதே மெடல் வேண்டும், சம்பந்திக்கு ஒரு நிமிடமாவது முன்னால் முடிக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மனைவிக்கு முதல் நாளே தெரியும்.

மாரத்தான் நடந்த ஞாயிற்றுக்கிழமை வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குளிர் வேறு, எதிர்க்காற்று வேறு. புத்தியுள்ளவர்கள் பாதிப் பேர் படுக்கையிலிருந்தே விலகிக்கொண்டார்கள். கண்ணாடிக் கடைக்காரரும் ஜன்னலைத் திறந்து பார்த்தார், நடத்துகிறவர்கள் ரத்து செய்துவிடமாட்டார்களா என்று போனைப் பார்த்தார், பிறகு சம்பந்திக்குப் போன் போட்டு, இந்த மழையில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா, வேண்டுமானால் இருந்துவிடுங்களேன் என்று அக்கறையாகக் கேட்டார். சம்பந்தியும் அதே அக்கறையோடு இவருடைய முழங்காலை விசாரித்தார். யாராவது ஒருவர் “வேண்டாம் சம்பந்தி, படுத்துத் தூங்கலாம்” என்று சொல்லியிருந்தால் இரண்டு குடும்பமும் நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் இருவரும் தொடக்கக் கோட்டில், நடத்துகிறவர்கள் கொடுத்த பெரிய கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொன்னார்கள்.

“சும்மா பேசிக்கிட்டே போவோம் சம்பந்தி. நமக்கென்ன போட்டியா?” என்றார் பல் டாக்டர்.

“அதானே?” என்றார் இவர்.

விதி எளிமையானது. நெஞ்சில் குத்தியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் நேரத்தைப் பதிவு செய்கிற ஒரு மின்னணுச் சில்லு. முடிவுக் கோட்டில் ஒரு பாய் விரித்திருக்கும். ஏழு மணி நேரத்துக்குள் அந்தப் பாயை மிதித்தால் நேரம் பதிவாகும், மெடல் கழுத்தில் விழும். ஏழு மணி நேரம் முடிந்த அடுத்த நொடி பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

முதல் பத்து கிலோமீட்டர் பேச்சு ஓடியது, இவர்களும் ஓடினார்கள். இருபதில் பேச்சு நின்றது. காலணிக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட, குப்பைப் பை காற்றில் படபடக்க, கண்ணாடியில் மழைத்துளி நிறைந்து கண்ணாடிக் கடைக்காரருக்கே உலகம் கலங்கலாகத் தெரிய, வழியில் நறுக்கி வைத்திருந்த வாழைப்பழம் குழைந்து கூழாகிக் கிடக்க, கைதட்ட வந்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். இவர் மெதுவாக ஓடினால் அவரும் மெதுவாக ஓடினார். அவர் வேகம் பிடித்தால் இவர், “அட, என்ன காத்து, தள்ளுதே” என்று சொல்லிக்கொண்டு வேகம் பிடித்தார். காற்று எதிரிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

முப்பதில் வந்தது சோதனை. முடியாமல் போனவர்களை ஏற்றிக்கொள்ள எல்லோருக்கும் கடைசியில் ஊர்ந்து வரும் வேன் இவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. வேனுக்குள்ளிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது. ஓட்டுநர் கையில் ஆவி பறக்கும் டீ.

“ஏறிக்கிறீங்களா சார்? உள்ள சூடா இருக்கு.”

கண்ணாடிக் கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. தன்மானத்தை மட்டும் யாராவது வாங்கிக்கொண்டு அந்த டீயைக் கொடுத்தால் அங்கேயே கொடுத்திருப்பார். ஆனால் சம்பந்தி பக்கத்தில் நிற்கிறாரே.

“உங்களுக்கு முடியலைன்னா ஏறிக்கோங்க சம்பந்தி. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்.”

“எனக்கென்ன? உங்க மூச்சுதான் ஒரு மாதிரி கேக்குது. நீங்க ஏறுங்க, நான் வீட்டுல சொல்லிக்கிறேன்.”

வீட்டில் சொல்லிக்கொள்வாராம். அந்த ஒரு வார்த்தை கண்ணாடிக் கடைக்காரரை ஐந்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனது. ரெண்டு பேரும் ஏறுங்களேன் சார், எனக்கும் வீடு வாசல் இருக்கு என்று ஓட்டுநர் கெஞ்சியது பின்னால் மழையில் கரைந்தது.

முப்பத்தைந்தைத் தாண்டியதும் பல் டாக்டரின் கால் ஒரு பள்ளத்தில் இறங்கித் தடுமாறியது. இவர் பாய்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். குப்பைப் பைக்குள் அந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தன்னைப் போலவே கிழடு தட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், தன் பேத்திக்குத் தாத்தா, தன் மகளைக் கண் கலங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறவர். அந்த நிமிடத்தில் அவர் மேல் இவருக்கு உண்மையாகவே பாசம் பொங்கியது. நொண்டுகிற காலைப் பார்த்தார். பாசத்தோடு பாசமாக ஒரு கணக்கும் ஓடியது. இந்தக் காலோடு அவரால் இனி வேகமாக வர முடியாது. கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டு, “குளிருது சம்பந்தி, கொஞ்சம் உடம்பைச் சூடாக்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் முன்னால் போனார்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக முன்னால் போனார்.

அந்தக் கடைசிப் பகுதியை அவர் ஓடியதாகவே நினைவில்லை. தொடை கல்லாகிவிட்டது, விரல் மரத்துவிட்டது, மனசு மட்டும் மகள் வீட்டுக் கூடத்தில் இரண்டாவது ஆணி அடித்துக்கொண்டிருந்தது. திருப்பத்தில் முடிவுக் கோடு தெரிந்தது. குடைகளுக்குக் கீழே மனைவி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, மகள். பேத்தியை மழைக்குப் பயந்து வீட்டில் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டு வந்திருந்தார்கள். மகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். “அப்பா” என்று கத்தினால் மாமனார் மனசு நோகும். “மாமா” என்று கத்தினால் அப்பா மனசு நோகும். அதனால் பொதுவாக, “வாங்க, வாங்க” என்று கத்திக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது.

பாய்க்கு ஒரு காலடி இருக்கும்போது கண்ணாடிக் கடைக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக்கூடாது. சம்பந்தி நொண்டிக்கொண்டே, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை பார்க்கிறார். சம்பந்தியம்மா பார்க்கிறார். அடிபட்ட மனிதரை நடுவழியில் விட்டுவிட்டு மெடலுக்காக ஓடி வந்தவர் என்று ஒரு பேச்சு கிளம்பினால்? கால் தானாக நின்றது. கை தானாக நீண்டது. ஆறு வருடப் பழக்கம் வாயைத் திறந்தது.

“வாங்க சம்பந்தி, நீங்க முதல்ல.”

அவர் மறுக்கவேண்டும், இவர் இன்னொரு தடவை சொல்லவேண்டும், அவர் ஐயோ என்று பின்வாங்க, சரி உங்கள் ஆசைப்படியே என்று இவர் மிதித்துவிடவேண்டும். திட்டம் அதுதான். பல் டாக்டரும் வந்தார், பாய்க்கு ஒரு காலடி முன்னால் நின்றார், அவரும் கையை நீட்டினார்.

“சேச்சே, நீங்கதான் முன்னாடி வந்தீங்க. நீங்க போங்க.”

“உங்க கால் இருக்கிற நிலைமையில நான் எப்படி முன்னாடி போறது?”

“கால் கிடக்குது. எனக்கென்ன சம்பந்தி, யாரோட போட்டி?”

“எனக்கு மட்டும் யாரோட?”

கொட்டும் மழையில் இரண்டு குப்பைப் பைகள் எதிரெதிரே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தன. நேரம் பார்க்கிறவர் ஏதோ கத்தினார். மகள் “வாங்க”வை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசியில் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவிதான் குடையை மடக்கிக்கொண்டு வந்து, “என்னங்க, எல்லாரும் நனையுறாங்க. ரெண்டு பேரும் சேந்து வாங்க” என்று குடைக் கம்பியால் கணவரை நெம்பினார். சம்பந்தியை நெம்ப முடியாதல்லவா? இருவரும் ஒன்றாகத் தடுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். அதற்குள் நேரம் முடிந்து, நடத்துகிறவர்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மெடல் பெட்டி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது காரில் முன் இருக்கை யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும், முதல் ஆள் நாற்காலியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க, கண்ணாடிக் கடைக்காரர் மாரத்தான் நடத்தியவர்களுக்குப் போன் போட்டார். நேரம் தாண்டிவிட்டது தெரியும், மெடலெல்லாம் வேண்டாம், கடைசியில் வந்த இரண்டு பேரில் யார் கால் முதலில் கோட்டுக்குள் விழுந்தது, படம் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா, ஒரு தகவலுக்குத்தான் என்றார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

“படமெல்லாம் இல்ல சார். இப்பத்தான் இன்னொருத்தரும் இதையே கேட்டாரு, பல் டாக்டராம்.”

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவர் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாரு?”

சிரித்துவிட்டீர்கள், சந்தோஷம். படித்துக்கொண்டு வரும்போதே, அட, இது அச்சு அசல் அவர்தானே என்று உங்களுக்கு ஒரு முகம் தோன்றியிருக்கும். இதை அவருக்கு அனுப்பிவைத்தால் என்ன என்று ஒரு குறும்பும் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை உங்கள் போனைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் காலையிலேயே உங்களுக்கு அனுப்பியிருக்கப்போகிறார். அனுப்பியிருந்து, அதைப் பார்த்ததும், நம்மைச் சொல்கிறார்களே என்பதைவிட அவர் முந்திக்கொண்டாரே என்பது உங்களுக்குச் சுருக்கென்று தைத்தால், அடுத்த வருட மாரத்தானுக்கு இப்போதே பெயர் கொடுத்து வைத்துவிடுங்கள்.